பேய் பாடினால் கடைசி வரை கேளுங்கள்



போன மாதம் நம்ம ஊர் வெண்ணெயைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். அடுத்து கதித்தமலைத் தேரைப் பற்றி எழுதுங்கள் என்று சிலர் கேட்டீர்கள். அது வரும். இந்த முறை வேறு விஷயம். பழைய பேய்ப் படங்கள், ராக்கெட் படங்கள், அவற்றில் வந்த பாட்டுகள். "டீச்சருக்கு இந்த வயசுல பேய் புடிச்சிருச்சாட்ட இருக்குது" என்று சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்களுக்குச் சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். மணல் தரை, நடுவில் குட்டைச் சுவர், அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். ஒரே புரொஜக்டர் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள், முறுக்கு வரும். பேய்ப் படம் என்றால் அந்த விளக்குதான் எங்களுக்குத் தெய்வம். படம் முடிந்து இட்டேரி வழியாக இருட்டில் வீடு திரும்ப வேண்டும். அமுச்சி முன்னால் நடப்பார், நாங்கள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால். புளியமரம் வரும்போது எவனாவது ஒருத்தன் படத்தில் பேய் பாடிய பாட்டை மெதுவாக முனகுவான். அவ்வளவுதான், அலறல். அமுச்சி மட்டும் பயப்பட மாட்டார். "பாவம், அந்தப் புள்ளைக்கு என்ன கொறையோ, இப்படிப் பாடிக்கிட்டுத் திரியுது" என்பார்.

எல்லோரும் பேய்க்குப் பயந்தபோது அவர் மட்டும் பேய்க்காக வருத்தப்பட்டது ஏன்? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பாட்டுத்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் காசு விஷயம். பயமுறுத்துவது செலவு பிடிக்கிற வேலை. இப்போது கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் காட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு? நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-ல் ஒரு ஹாலிவுட் கம்பெனியோடு சேர்ந்து படம் எடுத்தது தெரியுமா? ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. ஆதிகாலத்து மாமத யானைகள் இந்தியக் காட்டில் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று கதை. மாமத யானைக்கு எங்கே போவது? நம்ம ஊர் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி நிறுத்திவிட்டார்கள்! இப்போது பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் எனக்கு அந்த ஆட்களை ரொம்பப் பிடிக்கும். கையில் இருந்த துணியை வைத்தே ஓர் உலகத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். துணியில் பிழைக்கிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு அது புரிய வேண்டும்.

அடுத்து 1963-ல் 'கலை அரசி'. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது, இயக்கம் காசிலிங்கம், இசை கே.வி. மகாதேவன். இந்திய சினிமாவில் வேற்றுக்கிரக மனிதர்கள் வந்த முதல் படங்களில் ஒன்று. மேலைநாட்டுப் படங்களில் வேற்றுக்கிரகத்தார் எதற்கு வருவார்கள்? பூமியைப் பிடிக்க, நகரங்களை அழிக்க, இல்லாவிட்டால் எச்சரிக்கை கொடுக்க. நம்ம படத்தில் எதற்கு வருகிறார்கள்? ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போக! அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, பறக்கும் தட்டு இருக்கிறது, ஆனால் கலை இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கப் பூமியிலேயே நன்றாகப் பாடுகிற பெண் வேண்டும். பானுமதி நடிகை மட்டுமல்ல, தன் பாட்டைத் தானே பாடுகிறவர், அதனால் அந்தக் கதை அவருக்குப் பொருந்தியது. செட்டெல்லாம் அட்டையும் பெயின்ட்டும்தான். ஆனால் அந்த எண்ணம் அட்டை அல்ல. எத்தனை கருவி செய்தாலும் பாட்டு இல்லாத இடம் ஏழை நாடு என்று ஒரு ராக்கெட் படம் சொல்கிறது. முப்பத்து நாலு வருஷம் அறிவியல் நடத்தியவள் சொல்கிறேன், அது சரிதான்.

இப்போது கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், பரீட்சை இல்லை.

ஒலி நம்மை எப்படிப் பயமுறுத்துகிறது? ஒரு சுரம் ஓரிடத்தில் நின்றால் மனசு அமைதியாகிறது. நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனால் என்ன வரப்போகிறதோ என்று வயிறு கலங்குகிறது. அமெரிக்காவில் 1951-ல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' என்ற படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் இரண்டு தெர்மின் கருவிகளை வைத்து இசையமைத்தார். தெர்மின் என்பது தொடாமலே வாசிக்கிற மின்கருவி. கையைக் கிட்டே கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். பறக்கும் தட்டு என்றாலே 'ஊ...ய்ங்' என்று ஒரு சத்தம் நம் காதில் வருகிறதே, அது இப்படி வந்ததுதான். 1956-ல் 'ஃபர்பிடன் பிளானெட்' என்ற படத்துக்கு லூயி பேரன், பீபி பேரன் என்ற கணவனும் மனைவியும் வாத்தியமே இல்லாமல், தாங்களே கட்டிய மின்சுற்றுகளின் சத்தத்தை வைத்தே முழுப்படத்தையும் நிரப்பினார்கள். 1960-ல் ஹிட்ச்காக் 'சைக்கோ'வைச் சிக்கனமாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது, அதே ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து உலகத்தையே அலற வைத்தார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் போட்டுக் காட்டியதும் மனசை மாற்றிக்கொண்டார்.

நம்மிடம் தெர்மின் இல்லையே என்கிறீர்களா? உடுக்கை இருக்கிறதே! இடையில் இருக்கிற கயிற்றை இறுக்கினால் தோல் இழுபடும், சுருதி ஏறும். விட்டால் இறங்கும். அதே வழுக்கல்தான். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும்போது சண்டைக் கட்டத்தில் மயிர்க்கூச்செறிகிறதே, காரணம் இதுதான். வீணையிலும் இது உண்டு. வீணை எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துப் பல சுரங்களை வரவழைப்பதில் பேர் பெற்றவர். அவரேதான் 1954-ல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தவர். அப்புறம் 1964-ல் 'பொம்மை', 1970-ல் 'நடு இரவில்' என்று தானே இயக்கித் தானே இசையும் அமைத்தார். பொம்மை படத்தில் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு. நடு இரவில் படத்தில் ஒரே வீட்டில் அடைபட்ட ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கச்சேரி மேடை வித்வானின் காது இருந்தது, போதும். யேசுதாஸ் தமிழில் முதன்முதலாகப் பாடிப் பதிவானதும் அந்தப் பொம்மை படத்துக்காகத்தான்.

சரி, பேய்க்கு வருவோம்.

மேலைநாட்டுப் பேய் பாடாது. கதவு கிறீச்சிடும், ஓநாய் ஊளையிடும், வயலின் கத்தும். பேய் வாயைத் திறக்காது. 1958-ல் 'தி பிளாப்' என்று ஒரு படம், ஆளை விழுங்கும் களி உருண்டை பற்றியது. அதற்கு பர்ட் பாக்கரக் மெட்டுப் போட்டு, ஆடத் தோன்றுகிற மாதிரி ஒரு தலைப்புப் பாட்டு உண்டு. அதையும் அந்தக் களி பாடவில்லை. நம்ம பேய் அப்படியா? வெள்ளைச் சேலை கட்டும், கூந்தலை விரித்துப் போடும், பல்லவி, சரணம் எல்லாம் விடாமல் பாடும்.

இதற்கு வழி போட்டுக்கொடுத்தது 1949-ல் வந்த இந்திப் படம் 'மஹல்'. இசை கேம்சந்த் பிரகாஷ், பாடியவர் அப்போது இருபது வயதுகூட ஆகாத லதா மங்கேஷ்கர். குரல் தூரத்தில் இருந்து கிட்டே வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக, அறையின் மூலையில் பாட ஆரம்பித்து மைக்கை நோக்கி நடந்து வந்தேன் என்று லதாவே சொல்லியிருக்கிறார். ஒரு பைசா செலவில்லை, நாலு எட்டு நடந்தது மட்டும்தான். அதற்குள் ஒரு பேய் பிறந்துவிட்டது.

1964-ல் 'வோ கௌன் தீ' வந்தது, இசை மதன் மோகன். அதையே தமிழில் 1966-ல் 'யார் நீ?' என்று எடுத்தார்கள். ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்தது, தயாரித்தவர் வில்லன் நடிகர் பி.எஸ். வீரப்பா, இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழ் வாய்க்குப் பொருத்தித் தருவதில் வேதாவுக்கு நிகர் அவரேதான். லதா பாடிய மெட்டில் 'நானே வருவேன்' என்று பி. சுசீலா பாடினார். மழை, இருட்டு, வெள்ளைச் சேலை, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அந்தக் குரல். இத்தனைக்கும் அந்தப் படத்தில் பேயே கிடையாது. சொத்துக்காக ஒருவன் செய்த சூழ்ச்சி என்று கடைசியில் தெரியும். கதையை மறந்தவர்களுக்கும் அந்தக் குரல் மறக்கவில்லை. அதே வேதா மறு வருஷம் ஏவி.எம்.மின் 'அதே கண்கள்' படத்துக்குச் சொந்த மெட்டுகள் போட்டுத் தன் திறமையைக் காட்டினார். அது தனிக் கதை.

சுசீலாவின் குரலைக் கவனித்துப் பாருங்கள். அதில் மிரட்டல் இல்லை. தாலாட்டு மாதிரி இருக்கும். தாலாட்டு ஏன் பயமுறுத்துகிறது? பாடுகிற ஆளைக் காணோம், அதனால்தான். ஒன்பதாம் வகுப்பில் எதிரொலி நடத்தும்போது உங்களில் சில பேரை வறண்ட கிணற்றுக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? எதிரொலி தனியாகக் காதில் விழ வேண்டுமென்றால் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அதாவது 56 அடி. நம்ம காட்டுக் கிணறுகள் பல அதற்கு மேல் ஆழம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குப் பேரைச் சொல்லிக் கத்தினீர்கள். பேர் திரும்பி வந்தது. அப்போது ஒரு பையன் கேட்டான், "டீச்சர், இதுக்குள்ள ஒரு அக்கா விழுந்துட்டாங்களாமா, அவங்களும் பேசுவாங்களா?"

நம்ம பக்கம் பல கிணற்றுக்கும் ஒரு பெண்ணின் கதை உண்டு. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே, கூப்பிடுவாள் என்பார்கள். அவள் ஏன் விழுந்தாள் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "சின்னப் புள்ளைங்களுக்கு எதுக்கு அந்தப் பேச்சு?" சினிமாப் பேய்க்கு இருந்த சலுகை அந்தக் கிணற்றுப் பெண்ணுக்கு இல்லை. சினிமாவில் பேய் பாடும்போது கதாநாயகன் நின்று கேட்பான், தேடிக்கொண்டு போவான், "யார் நீ" என்று கேட்பான். அவளுக்கு நடந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். நம்ம ஊரில் இழவு வீட்டில் இருக்கிறவர்கள் செத்தவர்களுக்காக ஒப்பாரி பாடுகிறார்கள். பேய்ப் படத்தில் செத்தவளே தன் ஒப்பாரியைத் தானே பாடிக்கொள்கிறாள். ஏனென்றால் உயிரோடு இருந்தபோது அவளுக்காகப் பாட யாரும் இல்லை. அமுச்சிக்கு இது படிப்பில்லாமலே புரிந்திருக்கிறது.

இனி சொல்லப்போவது நம் மாணவி ஒருத்தியின் கதை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் சொல்லவில்லை, நீங்களும் யூகித்துக் கீழே எழுத வேண்டாம்.

1987. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. திடீரென்று பத்து நாளாக வரவில்லை. விசாரித்தால் மாமன் மகனுக்குக் கட்டிவைக்க வீட்டில் பேச்சு நடக்கிறது, பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து ஏதோ ராகம் இழுக்கிறாளாம். நான் போன அன்று பூசாரி வந்திருந்தார். உடுக்கை ஏறி ஏறி இறங்குகிறது, சாம்பிராணிப் புகை, அவள் தலையை விரித்துப்போட்டு ஆடுகிறாள். எனக்கும் கால் நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். பூசாரி கேட்டார், "யாரு நீ? எங்கிருந்து வந்தே? உனக்கு என்ன வேணும்?"

நான் எதிர்பார்த்தது கோழி, சாராயம், புதுச்சேலை. அவள் சொன்னாள், "என்னைப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்பு. நான் பரிச்ச எழுதோணும்."

வீடே திகைத்து நின்றது. படிக்க ஆசைப்பட்டுச் செத்த ஏதோ ஒரு பிள்ளையின் ஆவி என்று ஒரு பாட்டி விளக்கம் சொன்னார். பரீட்சை முடியும் வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று பூசாரி முன்னால் சத்தியம் ஆயிற்று. பேய்க்குக் கொடுத்த வாக்காயிற்றே, மீறுவார்களா? பத்தாவதும் முடித்தாள். அதற்கு மேல் முடியவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்து, செக்கிங் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்கிற அளவுக்கு உயர்ந்தாள். பத்தாவது படித்திருந்ததால்தான் கணக்கு நோட்டு கைக்கு வந்தது என்பாள். அவள் மகள் இப்போது இன்ஜினியர்.

சில வருஷம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது மெதுவாகக் கேட்டேன், "ஏன் கண்ணு, நெசமாலுமே அன்னைக்குப் பேய் புடிச்சிருந்துதா?"

சிரித்தாள். "எனக்கே தெரீலீங் டீச்சர். ஆனா நான் சொன்னப்ப ஆரும் கேக்குலீங். அது சொன்னப்ப கேட்டாங்க."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு பழைய பேய்ப் பாட்டு ஒன்றுகூட என் காதில் முன் மாதிரி விழவில்லை. 1978-ல் வந்த 'ஆயிரம் ஜென்மங்கள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் நடிகை ஷீலா இயக்கிய 'யக்ஷகானம்' படத்தின் தமிழ் வடிவம். இரண்டுக்கும் இசை எம்.எஸ். விஸ்வநாதன். வாழ முடியாமல் செத்துப்போன காதலி ஒருத்தி, அவன் மனைவியின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறாள். அந்தப் பேய் கேட்டது தங்கமா, ரத்தமா? குடும்பம் நடத்துகிற ஒரு வாழ்க்கையை. எம்.எஸ்.வி. அதற்கு அலறலைக் கொடுக்கவில்லை, ஏக்கத்தைக் கொடுத்தார்.

அப்புறம் காலம் மாறியது. 1985-ல் 'யார்' வந்தது, வயலின் மேதை வி.எஸ். நரசிம்மன் இசை. அதில் பயம் சாத்தானிடம் போய்விட்டது. 1989-ல் வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்', பிரேமி–சீனி இசை. செத்தவனை மருந்தால் எழுப்புகிறார் ஒரு டாக்டர், எழுந்தவன் கொலைகாரனாகிறான். குறைந்த செலவில் விஞ்ஞானத்தையும் பயத்தையும் கலந்து எடுத்த துணிச்சலான முயற்சிதான், மறு வருஷமே 'அதிசய மனிதன்' என்று இரண்டாம் பாகமும் வந்தது. ஆனால் அந்த உருவத்துக்குச் சொல்ல ஒரு குறையும் இல்லை. அதனால் அதைக் கண்டு பயந்தோம், அதற்காக வருந்தவில்லை. இப்போதைய படங்களில் காது கிழிகிற சத்தம் இருக்கிறது. திடுக்கிடுகிறோம், பாப்கார்னை எடுத்துக்கொள்கிறோம். வீடு திரும்பும்போது முனகுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களில் பல பேர் இன்று கம்பெனி நடத்துகிறீர்கள், மில் பார்க்கிறீர்கள், பெண் பிள்ளைகளைப் பெற்றிருக்கிறீர்கள். ஹாஸ்டலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள், பேய் பிடித்துவிட்டது, பூசை போட்டோம் என்று இப்போதும் காதில் விழுகிறது. பூசை போடுகிறவர்கள் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் டாக்டரிடம் முதலில் கூட்டிப்போங்கள். அவளுக்குத் தூக்கம் எத்தனை மணி, சாப்பாடு என்ன, வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். பூசாரி கேட்கிற அந்த மூன்றாவது கேள்வியை, உடுக்கை இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேளுங்கள். "உனக்கு என்ன வேணும் கண்ணு?" மருமகளிடமும் கேட்கலாம். மகளிடமும் கேட்கலாம். பேய் வந்துதான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நேரம் கிடைத்தால் இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 'யார் நீ?' படத்தின் அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம், குரல் மட்டும் போதும். பாதியில் நிறுத்தாதீர்கள். உங்களை அந்தக் காலத்தில் தூங்கவிடாமல் செய்த பாட்டு எது என்று கீழே எழுதுங்கள். எந்தக் கொட்டகையில், யார் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஊத்துக்குளி